இரட்சிப்பின் நிச்சயம்: சேலத்திலும் ஏற்காட்டிலும் புதிதாக விசுவாசத்திற்கு வந்தவர்களுக்கான வழிகாட்டி

இயேசுவை விசுவாசிக்கிறேன் என்று சொல்லத் தொடங்கிய சில மாதங்களுக்குள், "நான் உண்மையிலேயே இரட்சிக்கப்பட்டிருக்கிறேனா, இன்றிரவு கண்ணை மூடினால் என் கதி என்ன" என்ற கேள்வி பெரும்பாலோருக்கு வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியுடன் சேலத்தில் ஒரு சபைக்குப் போனால் ஞானஸ்நான விண்ணப்பத்தை நீட்டுவார்கள். இன்னொரு சபையில் உபவாச ஜெபத்திற்கு வரச் சொல்வார்கள். மூன்றாவது இடத்தில் அந்நியபாஷை (ஆவியின் வரமாகப் பேசப்படும் அறியாத மொழி) பேசுகிறீர்களா என்று கேட்பார்கள். அஸ்தம்பட்டிக்கும் சூரமங்கலத்திற்கும் இடையே இப்படி நெடுநாள் அலைந்த பிறகே, எதை எங்கே தேட வேண்டும் என்ற வரிசை எனக்குப் பிடிபட்டது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சீர்திருத்த சபைப் பின்னணியில் (கால்வின் வழிவந்த புராட்டஸ்டண்ட் மரபில்) நின்று எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒருவர் தாம் கடைசிவரை நிலைத்திருப்பார் என்பதைத் தனிப்பட்ட வெளிப்பாடு இல்லாமல் முழு நிச்சயமாக அறிய முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1547-இல் திரெந்து பொதுச்சங்கத்தில் தீர்மானித்தது. ஆகவே கத்தோலிக்க வாசகர்கள் கீழே உள்ள சில பகுதிகளைத் தங்கள் பங்குத்தந்தையிடம் பேசிப் பார்ப்பது நல்லது.

1. இரண்டு வேலைகளையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

நித்திய ஜீவன் எனக்கு உண்டு என்று அறிவது ஒரு வேலை. ஞானஸ்நானம் பெற்று, சபைப் பதிவேட்டில் பெயர் ஏறி, திருவிருந்தில் பங்குபெறுவது இன்னொரு வேலை. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவைதான் என்றாலும், முதலாவதற்குச் சபை அலுவலகம் எந்தக் காகிதமும் தர முடியாது. இரண்டாவதற்குக் காகிதம் இல்லாமல் முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான் ஞானஸ்நானச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவைத்துவிட்டு, அதற்குக் கீழேயே படுத்துக்கொண்டு நரகத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள்.

கூட்ட மைதானங்களில் தரப்படும் தீர்மான அட்டையும் இப்படியே. பெயர், கைபேசி எண், வீடு இருக்கும் பகுதி எல்லாவற்றுக்கும் கோடு போட்டிருக்கும். அடியில் "இன்று நான் இயேசுவை என் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரியும், அதன் எதிரே சரிக்குறி போட ஒரு சிறு கட்டமும் இருக்கும். அந்த அட்டை, உங்கள் பகுதியில் உள்ள போதகரோ ஊழியரோ பின்னர் உங்களைத் தொடர்புகொள்வதற்கான முகவரிச் சீட்டு மட்டுமே. சரிக்குறி போட்டதால் இரட்சிப்பு வருவதுமில்லை, போடாததால் போவதுமில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அழைப்புக் கொடுக்கும்போதெல்லாம் மறுபடியும் எழுந்து முன்னே போய்க் கொண்டிருக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தேவை இன்னோர் அழைப்பு அல்ல, அடுத்த படியில் சொல்லியிருக்கும் வாசிப்பு.

2. ஆவணம் ஒன்றே ஒன்று: யோவான் எழுதின முதலாம் நிருபம்

புதிய ஏற்பாட்டின் கடைசிப் பகுதியில், பேதுருவின் நிருபங்களை அடுத்து, ஐந்து அதிகாரங்களும் 105 வசனங்களும் உள்ள இந்த நிருபம் இருக்கிறது. வாய்விட்டு வாசித்தாலும் அரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். எதற்காக எழுதினேன் என்பதை எழுதியவரே 5-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்தில் சொல்கிறார்: தேவகுமாரனின் நாமத்தின்மேல் விசுவாசமாயிருக்கிறவர்கள், "உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று" அறியும்படிக்கு. அதற்கு முந்தைய வசனத்தையும் விட்டுவிடாதீர்கள்: "குமாரனை உடையவன் ஜீவனை உடையவன், தேவனுடைய குமாரன் இல்லாதவன் ஜீவன் இல்லாதவன்." இங்கே உணர்ச்சியைப் பற்றியோ, தரிசனத்தைப் பற்றியோ, எத்தனை நாள் உபவாசம் என்பதைப் பற்றியோ ஒரு பேச்சும் இல்லை. கேள்வி குமாரனைப் பற்றியதாகவே இருக்கிறது.

வாசிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே அமர்வில் ஐந்து அதிகாரங்களையும் வாசித்து முடியுங்கள். மறுநாள் மறுபடியும் தொடங்கி, "அறிவோம்", "அறிந்திருக்கிறோம்" என்று வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிடுங்கள். பிறகு யோவான் சுவிசேஷம் 5:24-ஐயும் 10:28-ஐயும் எடுத்துப் பாருங்கள். முதலாவது வசனத்தில், வசனத்தைக் கேட்டு விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் இனிமேல் கிடைக்கும் என்று எழுதப்படவில்லை, "உண்டு" என்றே எழுதப்பட்டிருக்கிறது; அவன் "மரணத்தைவிட்டு நீங்கி" ஏற்கனவே ஜீவனுக்குட்பட்டிருக்கிறான். இரண்டாவது வசனத்தில், "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்று ஆண்டவர் சொல்லும்போது, பிடித்திருக்கும் கை ஆட்டினுடையது அல்ல, மேய்ப்பனுடையது.

இங்கே ஒரு கண்ணி உண்டு. வாக்குத்தத்த அட்டைகளிலும் புத்தாண்டு வாக்குத்தத்தங்களிலும் வசனங்கள் துண்டுதுண்டாகக் கிடைக்கும். நிச்சயத்தை அந்தத் துண்டுகளின்மேல் கட்டினால், அடுத்த ஆண்டு வேறு வசனம் வரும்போது ஆட்டம் கண்டுவிடும். முழு நிருபத்தையும் தொடர்ந்து வாசித்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

3. செலவு

நிச்சயத்திற்குச் செலவு இல்லை. எபேசியர் 2:8, 9 வசனங்கள் இரட்சிப்பைத் தேவனுடைய ஈவு என்றும், கிரியைகளினால் உண்டானதல்ல என்றும் சொல்கின்றன. கையில் வேதாகமம் இல்லாதவர்களுக்கு மட்டும் ஒரு புத்தகச் செலவு வரும்; இந்திய வேதாகமச் சங்கத்தின் சாதாரணப் பதிப்பு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், கைபேசிச் செயலி என்றால் அதுவும் இல்லை.

ஆகவே, "இவ்வளவு பணம் விதைத்தால் உங்கள் பெயர் ஜீவபுஸ்தகத்தில் உறுதிப்படும்" என்ற பொருளில் யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கும் அப்படி ஒருவர் தொகை சொன்னார். ஊரும் பேரும் வேண்டாம். தேவனுடைய ஈவைப் பணத்தினாலே சம்பாதிக்க நினைத்த சீமோனுக்குப் பேதுரு கொடுத்த பதில் அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைவிடக் கடுமையாக நான் ஒன்றும் எழுத வேண்டியதில்லை. சபைக்குக் காணிக்கையும் சந்தாவும் தசமபாகமும் கொடுப்பது வேறு. சபை நடக்க வேண்டும், போதகர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது மீட்கப்பட்டவர்கள் கொடுப்பது, மீட்கப்படுவதற்காகக் கொடுப்பது அல்ல.

4. எவ்வளவு காலம் ஆகும்

இரட்சிப்புக்கும் நிச்சயத்திற்கும் காலக்கணக்கு வேறு வேறு. இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு, "இன்றைக்கு" பரதீசில் இருப்பாய் என்று பதில் கிடைத்தது. பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் நடுராத்திரிக்குமேல் கேட்டு, விசுவாசித்து, விடிவதற்குள் ஞானஸ்நானமும் பெற்றுவிட்டான். ஆனால் அந்த நிச்சயம் மனதில் ஊன்றுவதற்குச் சிலருக்கு ஆண்டுகள் ஆகலாம். உண்மையான விசுவாசியும் நெடுங்காலம் காத்திருந்து, பல இடர்களோடு போராடிய பிறகே அதை அடையக்கூடும் என்று சீர்திருத்த சபைகளின் பழைய விசுவாச அறிக்கையான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 18-ஆம் அதிகாரம் ஒத்துக்கொள்கிறது. தாமதமாவதை மட்டும் வைத்து, நான் விசுவாசியே அல்ல என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

"எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று சாட்சி சொல்லும் நேரத்தில் கேட்பார்கள். தேதி தெரிந்தவர்கள் சொல்லலாம். கிறிஸ்தவ வீட்டில் பிறந்து, ஓய்வுநாள் பள்ளியிலேயே வளர்ந்து, எந்த நாளில் நம்பத் தொடங்கினோம் என்று குறிப்பிட முடியாதவர்கள் ஒரு தேதியை உண்டாக்கிச் சொல்லத் தேவையில்லை. இப்போது யாரை நம்பியிருக்கிறீர்கள் என்பதற்குப் பதில் இருந்தால் போதும்.

5. சோதித்துப் பார்ப்பது எப்படி

"நீங்கள் விசுவாசமுள்ளவர்களோவென்று உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்" என்று பவுல் எழுதுகிறார். சோதனைக்கான கேள்விகளை யோவானின் நிருபமே தருகிறது. இயேசுவை மாம்சத்தில் வந்த கிறிஸ்து என்று அறிக்கையிடுகிறேனா? அவருடைய கற்பனைகளைக் கைக்கொள்ள மனமிருக்கிறதா, பாவம் செய்தால் அது என்னை உறுத்துகிறதா? சகோதரரை நேசிக்கிறேனா? மூன்றாவது கேள்விதான் நம்மூரில் ஆளைக் காட்டிக்கொடுக்கும். திருவிருந்துப் பந்தியில் அருகில் மண்டியிடுகிறவர் என்ன சாதி என்று மனதுக்குள் கணக்குப் பார்க்கிறவர், 3-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனத்தை நிதானமாக வாசிக்க வேண்டும்.

இந்தச் சோதனையை எதற்காகச் செய்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். செவ்வாய்பேட்டையில் கொலுசுக்கு டச் (வெள்ளியின் தரம்) பார்ப்பதால் உலோகம் வெள்ளியாகிவிடுவதில்லை. இருக்கிற வெள்ளி எவ்வளவு என்பது தெரிகிறது, அவ்வளவே. நற்கிரியைகளும் அப்படி, ஜீவன் இருப்பதைக் காட்டுகிறவை. அவற்றைச் சேர்த்து ஜீவனைச் செய்துவிட முடியாது. அதனால் இந்தச் சோதனையைத் தினமும் செய்யாதீர்கள். திருவிருந்துக்கு முந்தின நாள் செய்தால் போதும். உங்களை ஒருமுறை பார்த்தால், கிறிஸ்துவைப் பலமுறை பாருங்கள்.

6. யாரிடம், எப்போது பேசுவது

ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். "ஜெபம் பண்ணிக்கிறேன் தம்பி" என்பதற்குமேல் பதில் கிடைக்காது, அது அவர் குற்றமும் அல்ல. வார நாளில், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். டிசம்பர் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். கீத பவனி, மரம், கேக், சிறப்பு ஆராதனை என்று போதகர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தவக்காலம் நல்ல காலம். பல சபைகளில் வாரநாள் கூடுகைகள் இருக்கும், உட்கார்ந்து பேச ஆள் கிடைக்கும்.

ஏற்காட்டில் கணக்கு சற்று வேறு. மலையில் ஒரே போதகர் பல சிற்றூர்ச் சபைகளைப் பார்த்துக்கொள்வதுண்டு. அவர் எந்த ஞாயிறு எங்கே இருப்பார் என்பதை உபதேசியாரிடம் (சிற்றூர்ச் சபையில் போதகருக்கு உதவும் ஊழியரிடம்) கேட்டுக்கொண்டு போக வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம், எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறுகூட ஓய்வு நிச்சயமில்லை. வகுப்பு வைத்தாலும் ஆள் சேராது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய் ஆளில்லாமல் திரும்புவதற்குப் பதில், மார்ச் மாதத்திற்குமேல் வைத்துக்கொள்ளுங்கள்.

போதகரைத் தவிர, சபையில் வயதான விசுவாசி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். துணையை அடக்கம் செய்துவிட்டும் ஞாயிறுதோறும் அதே பெஞ்சில் வந்து உட்காருகிற பாட்டியம்மா ஒருவர் எந்தச் சபையிலும் இருப்பார். "பாட்டி, உங்களுக்குப் பயமே வந்ததில்லையா" என்று கேளுங்கள். வந்ததில்லை என்று சொல்லமாட்டார்கள். அந்தப் பதிலிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

7. ஞானஸ்நானமும் பதிவும்

இது இரண்டாவது வேலை. ஞானஸ்நானம் ஆண்டவருடைய கட்டளை, விருப்பப்பட்டால் செய்துகொள்ளும் சடங்கு அல்ல; ஆனால் இரட்சிப்பின் நிச்சயத்தைத் தேடி அதை எடுக்காதீர்கள், நம்பியிருப்பதை அறிக்கையிடுவதற்காக எடுங்கள்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வகுப்புகளுக்குப் பிறகு பேராயர் கையால் திடப்படுத்தல் (விசுவாசத்தைத் தாமே உறுதிசெய்யும் ஆராதனை) பெற்றுத் திருவிருந்தில் சேர்கிறார்கள். பேராயர் வரும் தேதியை ஒட்டியே வகுப்பு தொடங்கும் என்பதால், அந்த ஆண்டின் வகுப்பைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். பெந்தெகொஸ்தே சபைகளிலும் சகோதரர் சபைகளிலும் பெரியவர்களுக்கு மட்டும், முழுக்கு ஞானஸ்நானம். போதகர் திருப்தியடைந்தால் சில வாரங்களிலேயே நடக்கும். சபையில் தொட்டி இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் காவிரிக்கு அழைத்துப்போவார்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கும் நாட்களில் ஆற்றில் இறங்க ஒத்துக்கொள்ளாதீர்கள். தேதியைத் தள்ளிவைப்பதில் பாவமில்லை.

ஒரு முறை ஞானஸ்நானம் பெற்றவர் சபை மாறும்போது கவனமாக இருக்க வேண்டும். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத சபைகள் மறுபடியும் எடுக்கச் சொல்லும், சி.எஸ்.ஐ. போன்ற சபைகள் மறு ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. ஆகவே எந்தச் சபையில் நிலைக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகு தண்ணீரில் இறங்குங்கள். ஒரே சபைப் பிரிவுக்குள் இடம் மாறுகிறவர்கள் பழைய போதகரிடமிருந்து மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டால் போதும்.

கேட்கப்படும் காகிதங்கள் சபைக்குச் சபை மாறும். பிறந்த தேதிக்கான சான்று, ஆதார் நகல், புகைப்படம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் மறுபடி அலைய வேண்டியதில்லை. ஞானஸ்நானத்திற்கு அரசு அனுமதி தேவையில்லை. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் நீக்கப்பட்டுவிட்டது. பெயர் மாற்றவும் தேவையில்லை. முருகேசன் முருகேசனாகவே ஞானஸ்நானம் பெறலாம். ஆசைப்பட்டு "சாமுவேல்" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பழைய பெயரே இருந்தால், பின்னால் திருமண ஓலை (சபையில் திருமண அறிவிப்பு) வாசிக்கும்போது சிக்கல் தொடங்கும். பெயரை மாற்றுவதானால் அரசிதழில் வெளியிட்டு முறைப்படி மாற்றுங்கள்.

சான்றிதழை வாங்கும்போது அங்கேயே நின்று சரிபாருங்கள்: இனிஷியல் உட்படப் பெயர் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி இருக்கிறதா, பெற்றோர் பெயர், ஞானஸ்நானம் பெற்ற தேதி, பதிவேட்டு வரிசை எண், போதகர் கையொப்பம், சபை முத்திரை. பதிவேட்டு எண் இல்லாத சான்றிதழுக்குப் பின்னாளில் நகல் எடுப்பது பெரும்பாடு, அதிலும் வாடகைக் கட்டடத்தில் நடந்த சிறு சபை இடம் மாறிப் போயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

8. பட்டியல் சாதியினர் தெரிந்துகொள்ள வேண்டியது

இதை மேடையில் யாரும் சொல்வதில்லை என்பதால் நான் சொல்லிவிடுகிறேன். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி உண்டு. கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் அவ்வாறு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பழங்குடியினருக்குச் சமயத்தை வைத்து இந்த நிபந்தனை இல்லை, ஆகவே சேர்வராயன் மலை மலையாளிப் பழங்குடியினருக்கு இந்த ஆணையால் தகுதி போவதில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானப் பதிவு உள்ளிட்ட சான்றுகளைப் பார்த்தே உச்ச நீதிமன்றம் அவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் தர மறுத்தது. பதிவேட்டில் ஏறும் பெயர் நீதிமன்றம்வரை போகும்.

"ரகசியமாக எடுத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரியாது" என்று ஆலோசனை சொல்கிறவர்களை நம்பாதீர்கள். இந்த ஆணை நியாயமானதல்ல என்பது என் கருத்து. அதற்காக அரசிடம் பொய் சொல்லச் சொல்லும் சபையிடமிருந்து சத்தியத்தைக் கற்றுக்கொள்ள முடியாது. படிப்பிலோ வேலையிலோ என்ன இழக்க நேரும் என்பதை வீட்டாருடன் உட்கார்ந்து எண்ணிப்பார்த்து, தேவையானால் வழக்கறிஞர் ஒருவரையும் கேட்டு, அதன்பிறகு தீர்மானியுங்கள். அதற்கு மாதங்கள் ஆனாலும் ஆகட்டும். கள்ளனுக்குத் தண்ணீர் கிடைக்காமலேயே பரதீசு கிடைத்தது என்பதால், இந்த இடைக்காலத்தில் இறந்துபோனால் என்னவாகும் என்று பயப்பட வேண்டியதில்லை.

9. நிச்சயம் குலையும் நாட்களில்

பாவத்தில் விழுந்த மறுநாள் காலை நிச்சயம் குலையும். அதற்கு யோவான் முதலாம் நிருபம் 1:9 போதும்: அறிக்கையிடுங்கள், யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவரிடமும் போய்ப் பேசுங்கள், மறுபடியும் முதலிலிருந்து இரட்சிக்கப்படத் தொடங்காதீர்கள்.

எபிரெயர் 6-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டுப் பயந்து ஓடிவருகிறவர்கள் பலர். 4 முதல் 6 வரையுள்ள வசனங்கள் மறுதலித்துப்போகிறவர்களைப் பற்றிய கடுமையான எச்சரிப்பு என்பது உண்மைதான், இரட்சிப்பை இழக்க முடியுமா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் அங்கேயே நிறுத்திவிடாமல் 9-ஆம் வசனம்வரை போங்கள். "பிரியமானவர்களே" என்று அழைத்து, இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்று அதே ஆசிரியர் எழுதுகிறார். திரும்பிவர வேண்டுமே என்று தவிக்கிறவர், அந்தத் தவிப்பினாலேயே, மறுதலித்துப்போனவர் அல்ல.

கடைசியாக ஒன்று. வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், மன்னிக்க முடியாத பாவத்தைச் செய்துவிட்டேன் என்ற ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, செத்துவிடலாமா என்று தோன்றுகிற நிலை இருந்தால், அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி மேலும் உபவாசம் இருக்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு மனநல மருத்துவரிடம் போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் கட்டணமில்லாமல் பார்க்கலாம், அதற்கு ஆதார் நகலையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். எழுதித் தரும் மாத்திரையை விசுவாசத்தின் பேரில் நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.